வின்சென்ட் தே பவுல்: 1617 ஒழுங்குமுறையில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

#1 தேரிக்காட்டான்

புனித வின்சென்ட் தே பவுலோட செப்டம்பர் 27 திருநாளுக்கு இளைஞர் கையேடு ஒண்ணு தயாராகுது. எந்த மலரைப் புரட்டினாலும் "ஏழைகளின் தந்தை", "இரக்கத்தின் சிகரம்" இந்த ரெண்டு வரிதான். எனக்கு வேண்டியது அது இல்ல. அவர் போட்ட அமைப்பு எப்படி ஓடுச்சு? யார் சமைச்சாங்க, யார் கையில பணம் இருந்துச்சு, ஒரு ஆளுக்கு எவ்வளவு சாப்பாடு, எங்கே சொதப்புச்சு? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. புகழ்ச்சி வேண்டாம், புகழ்ச்சி நிறைய கையில இருக்கு.

#2 ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி. ஆரம்பிக்க வேண்டிய இடம் பாரிஸ் அல்ல, சாத்தியோன். லியோன் நகருக்கு வடக்கே சின்ன ஊர். அப்போது சாத்தியோன்-லே-தோம்ப், இன்றைய பெயர் சாத்தியோன்-சூர்-சலரோன். 1617-இல் வின்சென்ட் அங்கே சில மாதங்கள்தான் பங்குத்தந்தையாக இருந்தார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கும்போது செய்தி வருகிறது: ஊரிலிருந்து கால் லீக் (சுமார் ஒரு கிலோமீட்டர்) தள்ளி ஒரு தனி வீடு, வீட்டில் அத்தனை பேரும் நோயில் கிடக்கிறார்கள், எழுந்து இன்னொருவரைப் பார்க்க ஆள் இல்லை. மறையுரையில் சொன்னார். மாலை செபம் முடிந்து அவரே கிளம்பிப் போனபோது வழியெல்லாம் பெண்கள். போகிறவர்கள், வருகிறவர்கள், வெயில் தாங்காமல் பாதையோரம் உட்கார்ந்து இளைப்பாறுகிறவர்கள். ஊர்வலம் போலிருந்தது என்று பிற்காலத்தில் அவரே சகோதரிகளிடம் சொன்னார்.

இதுவரை எல்லா மலரிலும் வரும். அடுத்தது வராது. அந்த வீட்டில் அன்று குவிந்த ரொட்டியும் இறைச்சியும் ஒரே நாளில் தின்று தீராது. பாதி கெட்டுப்போகும். செவ்வாய்க்கிழமை அதே குடும்பம் திரும்பப் பட்டினி. பிறரன்பு இருக்கிறது, ஆனால் ஒழுங்கு இல்லை என்பதுதான் அவருக்குத் தோன்றியது. மூன்றாம் நாள், ஆகஸ்ட் 23, ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். எழுத்திலான ஒழுங்குமுறைக்கு லியோன் மறைமாவட்ட ஒப்புதல் நவம்பர் 24-இல் கிடைத்தது. டிசம்பர் 8-இல் இந்தப் பெண்களின் சபை முறைப்படி நிறுவப்பட்டது. முகவுரையிலேயே காரணத்தைப் போட்டுவிட்டார்: ஏழைகள் பல நேரம் துன்பப்பட்டது உதவ ஆளில்லாமல் அல்ல, உதவியில் ஒழுங்கில்லாமல்.

வின்சென்ட்டின் எழுத்துகளைக் கோஸ்த் தொகுத்த 14 தொகுதிப் பதிப்பில் 13-ஆம் தொகுதியில் முழுப் பாடம் இருக்கிறது. வேலை முறையைத் தனியாக எழுதுகிறேன்.

#3 ஏட்டுச்சுவடி

அன்றைய முறைக்காரி என்ன செய்ய வேண்டும், வரிசையாக:

நோயாளியைச் சேர்ப்பது தலைவியின் பொறுப்பு. உண்மையிலேயே வசதியற்றவர்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். சேர்த்தபின் சபைக்குச் சொந்தமான வெள்ளைச் சட்டை ஒன்று கொடுத்துவிடப்படும். விரிப்பு இல்லாதவருக்கு விரிப்பும் போகும். பாவசங்கீர்த்தனத்துக்கும் ஏற்பாடு.

முறைக்காரி அன்றைய சாமான் செலவைப் பொருளாளரிடம் வாங்கி, மதிய உணவைத் தன் கையால் சமைத்து எடுத்துப்போக வேண்டும். நோயாளியிடம் மலர்ந்த முகத்தோடு பேச வேண்டும். கட்டில்மேல் பலகையை வைத்து, அதன்மேல் துணி விரித்து, கோப்பை, கரண்டி, ரொட்டி வைக்க வேண்டும். பிறகு நோயாளியின் கையைக் கழுவிவிட்டு, உணவுக்கு முன் செபம். அப்புறம்தான் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, இறைச்சியைத் தட்டில் வைத்து, பெற்ற பிள்ளையை அழைப்பதுபோலச் சாப்பிட அழைக்க வேண்டும். தேவையானால் இறைச்சியை வெட்டிக்கொடுக்கலாம், குடிக்க ஊற்றிக்கொடுக்கலாம். மனம் சோர்ந்து கிடப்பவரைச் சிரிக்க வைக்கப் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது.

வீடுகளுக்குப் போகும் வரிசைக்கும் விதி உண்டு: துணைக்கு ஆள் உள்ள நோயாளியிடம் முதலில், தனியாகக் கிடப்பவரிடம் கடைசியில். மாலை மறுபடி இதே ஏற்பாட்டோடு இரவு உணவு.

இறந்தவருக்குச் சவத்துணி, குழி வெட்டும் கூலி, அடக்கத்துக்கு உறுப்பினர் வருகை, மூன்றும் சபைப் பொறுப்பு. மணமான பெண் கணவரின் சம்மதத்தோடும், மணமாகாதவள் பெற்றோர் சம்மதத்தோடும்தான் சேரலாம். அந்தக் காலம் அப்படி.

#4 அடுப்பங்கரை

சாப்பாட்டு அளவு நான் சொல்றேன், இது எனக்குப் பிடிச்ச பகுதி.

சாத்தியோன்ல ஒரு நோயாளிக்கு மதியம்: ரொட்டி தேவையான அளவு, சூப், கன்று அல்லது ஆட்டிறைச்சி 5 அவுன்ஸ், திராட்சை ரசம் அரை செத்தியே. பழைய பாரிஸ் அவுன்ஸ் சுமார் 30.6 கிராம், அதனால இறைச்சி 150 கிராம் சொச்சம். அரை செத்தியே கால் லிட்டருக்குச் சற்றுக் கம்மி. சுத்தபோசன நாள்ல இறைச்சிக்குப் பதிலா முட்டையும் கொஞ்சம் வெண்ணெயும், நியாய விலையில கிடைச்சா மீன். கெட்டியா சாப்பிட முடியாதவங்களுக்கு இறைச்சிச் சாறு, ரொட்டிக் கஞ்சி, உமி நீக்கின வாற்கோதுமைக் கஞ்சி, புது முட்டை.

நோயாளிக்குத்தான் இந்த அளவு, கவனிங்க. 1650-கள்ல போர், பஞ்சம்னு ஆயிரக்கணக்குல கூட்டம் வந்தப்ப இது கட்டுப்படியாகாது. அப்ப புழங்கினது வேற கணக்கு. 100 பேருக்கான சூப்:

தண்ணி 5 வாளி
ரொட்டி துண்டு போட்டது 25 லிவ்ரு (சுமார் 12.2 கிலோ)
கொழுப்பு 7 கால் லிவ்ரு, அதாவது ஒண்ணே முக்கால் லிவ்ரு (சுமார் 860 கிராம்). சுத்தபோசன நாள்ல அதே எடை வெண்ணெய்
பட்டாணி அல்லது அவரை 4 லித்ரோன் (3.2 லிட்டர் படியளவு), கூடக் கீரை வகை. பயறு கிடைக்கலன்னா அரை புவாசோ நூக்கல் (6.5 லிட்டர்). அதுவும் இல்லன்னா முட்டைக்கோஸ், லீக், வெங்காயம்
உப்பு 14 சோல் விலைக்கு

5 வாளி 4 வாளியா வத்தணும். ஆளுக்கு ஒரு கரண்டி. அந்தக் கரண்டி சரியா ஒரு கிண்ணம் கொள்ற அளவா இருக்கணும்னு குறிப்புலயே இருக்கு.

சில விஷயம் பாருங்க. ரொட்டி தொட்டுக்க இல்ல, பானைக்குள்ளயே போகுது. அதுதான் சூப்பைக் கெட்டியாக்குது, பழைய ரொட்டியும் செலவாகும். ஆனா அடி பிடிக்கும். 25 லிவ்ரு ரொட்டி ஊறின பானையைக் கிண்டாம விட்டா நாலு வாளியும் கருகல் வாசம்தான். பயறு வெந்த பிறகு ரொட்டி போடுறதுதான் சமையல் அறிவுக்குச் சரி. உப்பை மட்டும் எடையில சொல்லாம விலையில சொன்னதுக்குக் காரணம் உப்பு வரினு நினைக்கிறேன். இது என் ஊகம்.

#5 கணக்குப்பிள்ளை

#4-இல் உள்ளதை வைத்துப் பெருக்கிப் பார்த்தேன்.

ஆளுக்கு ரொட்டி 122 கிராம், கொழுப்பு 8.6 கிராம், பயறு 25 கிராம் அளவு. தோராயமாக 450 கலோரி. பயறுக்குப் பதில் நூக்கல் போட்டால் 380-க்கு இறங்கிவிடும். உயிரைப் பிடித்து வைக்கும், வேலை செய்யப் போதாது.

1652 ஜூனில் பாரிஸில் தினமும் 14,000 முதல் 15,000 பேருக்கு சூப் கொடுக்கப்படுவதாக வின்சென்ட் கடிதத்தில் எழுதுகிறார். பிரோந்து என்ற உள்நாட்டுக் கலகம் நடந்த காலம். 15,000 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 150 பானை. ரொட்டி மட்டும் 3,750 லிவ்ரு, 1.8 டன்னுக்கு மேல். ஒரே இடத்தில் இது நடக்காது. பங்கு பங்காகப் பிரித்ததால்தான் நடந்தது.

அடுத்தது பணம். அந்தச் சபைகளின் ஒழுங்குமுறைகளில் பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம் என்ற ஏற்பாடு வரும். ஆண்டுக்கொரு முறை பங்குத்தந்தை முன்னிலையில் கணக்கு ஒப்படைப்பு. சாத்தியோனில் பண விவகாரத்தைப் பெண்கள் தனியாகப் பார்ப்பது சரிவராது என்று ஓர் ஆணைக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இதை மனதில் வையுங்கள், பிறகு அவரே மாறினார்.

ஜுவான்யி, மோன்மிராய் ஊர்களில் ஆண், பெண் கலப்புச் சபை போட்டார்கள். உடல் திடமான ஏழைகள் ஆண்கள் பொறுப்பு, நோயாளிகள் பெண்கள் பொறுப்பு, உண்டியல் பொது. அங்கேதான் உடைந்தது. 1650-இல் ஜெனோவாவில் இருந்த, தாம் நிறுவிய மறைபரப்புச் சபைக் குருவுக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார்: பணம் பொதுவாக இருந்தால் ஆண்கள் முழுவதையும் கையில் எடுக்கப் பார்க்கிறார்கள், பெண்கள் பொறுப்பதில்லை, கடைசியில் ஆண்களைத்தான் விலக்க வேண்டியிருந்தது. பெண்கள் நிர்வாகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவு கவனம், அவ்வளவு நாணயம் என்று சான்றும் தருகிறார். 33 ஆண்டு அனுபவம் பேசுகிறது.

#6 தேரிக்காட்டான்

இதான் வேணும். #5-ல கலப்புச் சபைக் கதை எங்க மலர்ல போட்டா நாலு பெரியவங்க முகம் சுளிப்பாங்க, கண்டிப்பா போடணும்.

பாரிஸ்ல இருந்து வெளியூருக்குப் பணம் எப்படிப் போச்சு? அப்ப வங்கி வசதி எதுவும் கிடையாதே.

#7 கணக்குப்பிள்ளை

ஆள்மூலம்தான். 1639-இலிருந்து போரில் சிதைந்த லொரேன் பகுதிக்குப் போன உதவி பெரும்பாலும் மத்தேயு ரெஞார் என்ற ஒரே சகோதரர் கையால் போனது. குரு அல்ல, உதவிச் சகோதரர். 50-க்கும் மேற்பட்ட நடை. ஒவ்வொரு நடையிலும் 20,000 லிவ்ரு (#4-இல் வந்த எடை அல்ல, அதே பெயருள்ள பணம்), சில நேரம் அதற்கும் மேல். அழுக்கான கந்தல் பையில் தங்கத்தைப் போட்டு, பிச்சைக்காரன்போல் தோளில் மாட்டிக்கொண்டு, படைவீரர்களும் வழிப்பறிக்காரர்களும் திரியும் பாதையில் நடந்து போவார். ஆபத்து தெரிந்தால் பையைப் புதரில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு முன்னே போவார். சோதித்துவிட்டு விட்டபின் திரும்பி வந்து எடுத்துக்கொள்வார். ஒரு நடையில்கூடப் பணம் பறிபோனதில்லை என்பதுதான் மரபு. ரெனார் என்றால் பிரெஞ்சில் நரி. அந்தப் பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

பணம் வாங்கிய இடத்திலிருந்து விநியோகப் பட்டியல் திரும்பி வர வேண்டும். அது வந்தபின்தான் பிறரன்புச் சீமாட்டிகள் என்ற பாரிஸ் உயர்குடிப் பெண்கள் சபையினர் அடுத்த தொகையை முடிவு செய்வார்கள். அந்தப் பட்டியல்களும் கடிதங்களும் 1650-இலிருந்து அச்சுத் தாள்களாகவே வந்தன, நன்கொடை திரட்டுவதற்காக. பிறகு விதைத் தானியமும் வேலைக் கருவிகளும் பட்டியலில் சேர்ந்தன. கொஞ்சம் நிலம் இருந்து விதைக்க வழியில்லாதவர் யார் என்று விசாரித்து எழுதும்படி 1659-இல் ழான் பார் என்ற சகோதரருக்குக் கடிதம் போகிறது. சூப்பு நிரந்தரமல்ல என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

#8 மறுபக்கம்

எல்லாம் சரி. ஆனால் இந்த "ஒழுங்கு" என்ற சொல்லுக்கு ஒரு கூர்முனையும் உண்டு. அதையும் எழுதுங்கள்.

1621, மாக்கோன் நகரம். தெருவெங்கும் பிச்சைக்காரர்கள். வின்சென்ட் அங்கே என்ன செய்தார்? சுமார் 300 பேரின் பெயரைப் பதிவுசெய்தார். ஞாயிறுதோறும் ரொட்டியும் காசும். குளிர்காலத்தில் விறகு. வழிப்போக்கருக்கு ஒரு இரவு தங்கல், காலையில் கையில் இரண்டு சோல் கொடுத்து அனுப்பிவிடுவது. வெளியே கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களுக்கு இரகசியமாக உதவி. இதுவரை நல்லது. ஆனால் பட்டியலில் உள்ளவர் வாரநாளில் தெருவில் பிச்சை எடுத்துப் பிடிபட்டால் அந்த ஞாயிறு ஒன்றும் கிடையாது. ஒழுக்கத்தில் குறை கண்டாலும் கிடையாது.

இதே எண்ணம் வளர்ந்து எங்கே போய் நின்றது? 1656 ஏப்ரல் அரச ஆணை. பாரிஸில் பிச்சை எடுக்கத் தடை, "பொது மருத்துவமனை" என்ற பெயரில் ஏழைகளைப் பிடித்து அடைக்கும் இடம், பிடிக்க வில்வீரர் என்று அழைக்கப்பட்ட காவலர். மருத்துவமனை என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், சிறைதான். அந்த யோசனைக்குப் பின்னால் நின்றவர்களில் வின்சென்ட்டின் பிறரன்புச் சீமாட்டிகள் இருந்தார்கள்.

#9 ஏட்டுச்சுவடி

மாக்கோன் விவரம் சரி, மறுப்பதற்கில்லை. 1656 விஷயத்தில் பாதிதான் சொல்கிறீர்கள்.

வரிசை இது. 1653-இல் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் 100,000 லிவ்ரு தருகிறார். அதைக்கொண்டு "இயேசுவின் திருப்பெயர்" இல்லம்: 20 ஆண், 20 பெண், எல்லாரும் முதிர்ந்த கைவினைஞர்கள். தறியும் கருவிகளும் வாங்கிக்கொடுத்து, முடிந்த வேலையைச் செய்யவிட்டார். வந்தவர் தாமாக வந்தவர். இது நன்றாக ஓடியதைப் பார்த்த சீமாட்டிகள் இதையே பாரிஸ் முழுமைக்கும் செய்யலாம் என்று கிளம்பினார்கள். சால்பெத்ரியேர் கட்டடமும் கிடைத்தது. வின்சென்ட் அங்கே பிரேக் போட்டார்: முதலில் நூறு, இருநூறு பேர், அதுவும் விரும்பி வருகிறவர்களை மட்டும் எடுங்கள், நன்றாக நடத்தினால் மற்றவர்கள் தாமே வருவார்கள், கட்டாயப்படுத்துவது கடவுளின் திட்டத்துக்குத் தடையாகலாம். அவர்கள் கேட்கவில்லை, அரசு கையில் எடுத்தது. அந்த நிறுவனத்தின் ஆன்மீகப் பொறுப்பு அவருடைய சபைக்கு ஒதுக்கப்பட்டபோது 1657-இல் ஏற்க மறுத்தார்.

#10 மறுபக்கம்

மறுத்தார், ஒப்புக்கொள்கிறேன். வெளிப்படையாக எதிர்த்தாரா? இல்லை. ஆள் இல்லை என்பதுதான் கொடுத்த காரணம்.

மாக்கோன் விதியையும் 1656 ஆணையையும் அருகருகே வைத்தால் வேறுபாடு அளவில்தான் என்பது என் வாசிப்பு. உதவிக்கு நிபந்தனை போடும் எல்லா அமைப்புக்கும் இந்த வழுக்கல் உண்டு. அவர் அதைத் தம் எழுபதுகளில் பார்த்துத் தயங்கினார். நாற்பதில் பார்க்கவில்லை.

#11 ஏட்டுச்சுவடி

அந்த அளவுக்கு ஒத்துப்போகிறேன். கையேட்டில் இரண்டையும் போடுங்கள், தேரி.

#12 லூயிசா_வாசகி

பதினொரு பதிவு ஓடிவிட்டது, வின்சென்ட்டோடு சேர்ந்து பிறரன்பின் புதல்வியர் என்ற சகோதரிகள் சபையை நிறுவிய லூயிஸ் தே மரியாக் பெயரே வரவில்லை! கிராமத்தில் ஓடிய அமைப்பு பாரிஸில் ஏன் முறிந்தது என்பதற்கு விடை அவரிடம்தான் இருக்கிறது.

சாத்தியோனில் முறைக்காரி தானே சமைத்து, தானே சுமந்து போனாள். பாரிஸில் சேர்ந்தவர்கள் உயர்குடிப் பெண்கள். கையைக் கழுவிவிடுவதும் சூப் பானையைப் படியேற்றித் தூக்கிப்போவதும் அவர்கள் வீட்டார் சம்மதிக்காத வேலை. தொற்றுநோய் பயம் வேறு. எனவே தங்கள் முறை வந்தால் வேலைக்காரியை அனுப்பினார்கள். வேலைக்காரிக்கு இது கூடுதல் வேலை, கூடுதல் கூலி இல்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். விதி அப்படியே இருந்தது, உள்ளடக்கம் போய்விட்டது.

1629 மே மாதம் முதல் லூயிஸ் ஊர் ஊராகப் போய்ச் சபைகளைப் பார்வையிட்டார். கணக்குப் புத்தகம், துணி இருப்பு, நோயாளி வீடு, பள்ளி ஆசிரியை எல்லாவற்றையும் பார்த்துக் குறிப்பெழுதினார். குறை எங்கே என்று வின்சென்ட்டுக்குத் தகவல் போனது இந்தப் பயணங்களிலிருந்து.

தீர்வு சுரேன் ஊரிலிருந்து வந்தது: மார்கரீத் நசோ. மாடு மேய்க்கும் பெண். எழுத்துப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு, வழியில் போகிறவர்களை நிறுத்தி இது என்ன எழுத்து, இது என்ன சொல் என்று கேட்டுக் கேட்டே படித்தவள். பிறகு ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாரிஸில் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்குத் தானே முன்வந்தாள். 1633-இல் கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையில் படுக்கவைத்து, அதே நோயில் இறந்தாள். லூயிஸ் தம் வீட்டில் முதல் சில கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி தொடங்கியது அதே ஆண்டு நவம்பர் 29. ஆகவே பிறரன்பின் புதல்வியரில் முதலாமவள் சபை பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வின்சென்ட் அவளைத்தான் முதல் சகோதரி என்று சொன்னார்.

#13 தேரிக்காட்டான்

அக்கா, இவங்க கன்னியர் இல்லன்னு ஒரு இடத்துல படிச்சேன். அப்புறம் ஏன் சிஸ்டர்ங்கிறாங்க? இளைஞர்கள் கேட்டா என்ன சொல்ல?

#14 லூயிசா_வாசகி

திருச்சபைச் சட்டப்படி அவர்கள் அன்றும் துறவியர் அல்ல, இன்றும் அல்ல. திருத்தூதுப் பணி வாழ்வுக் குழு என்ற வகை. காரணம் அடைப்பு, அதாவது மடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்ற விதி.

திரெந்து சங்கம் என்ற திருச்சபைப் பொதுச்சங்கத்துக்குப் பிறகு, 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் ஆணைப்படி, துறவறப் பெண் என்றால் மடத்து அடைப்புக்குள் இருந்தாக வேண்டும். பிரான்சிஸ் தே சாலஸ் தொடங்கிய விசிட்டேஷன் சகோதரிகள் நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்கள். 1618-இல் அவர்களும் அடைப்புக்குள் தள்ளப்பட்டார்கள். வின்சென்ட் அதைக் கண்ணெதிரே பார்த்தவர். அடைப்புக்குள் போனால் சூப் பானையை யார் தூக்குவது?

அதனால் சொற்களை எண்ணி எண்ணிப் பயன்படுத்தினார்கள். மடம் என்று சொல்லாதே, வீடு என்று சொல். முக்காடு கிடையாது, பாரிஸ் சுற்றுவட்டாரக் குடியானவப் பெண்களின் உடைதான். சிறகு மாதிரி விரிந்த வெள்ளைத் தொப்பி பிற்காலத்தில் வந்தது, 1964-இல் போனது. 1633 காட்சியில் அந்தத் தொப்பியை வரையச் சொல்லாதீர்கள், எல்லா ஓவியரும் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். வார்த்தைப்பாடும் நித்தியமானதல்ல. 1642 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளில் லூயிசும் நான்கு பேரும் முதலில் கொடுத்தார்கள். பின்னாளில் அது ஆண்டு வார்த்தைப்பாடாக நிலைத்து, இன்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள்.

வின்சென்ட் கொடுத்த விளக்கம் புகழ்பெற்றது: நோயாளிகளின் வீடே மடம், வாடகை அறையே மடத்து அறை, பங்குக் கோயிலே சிற்றாலயம், நகரத் தெருக்களே முற்றம், கீழ்ப்படிதலே அடைப்பு, இறையச்சமே கம்பிக் கதவு, அடக்கமே முக்காடு. அழகான உருவகம் என்று நினைத்துப் படிக்கிறோம். சட்டச் சிக்கலுக்குத் தயாரித்த பதில் அது, ஒவ்வொரு சொல்லும் ஒரு விதியைக் கழற்றிவிடுகிறது.

இன்னொன்று. சபை பாரிஸ் பேராயரின் கீழ் இருப்பதா, வின்சென்ட்டின் மறைபரப்புச் சபைத் தலைவரின் கீழ் இருப்பதா என்பதில் விட்டுக்கொடுக்காதவர் லூயிஸ். ஒவ்வோர் ஆயரும் தன் ஊர்ச் சகோதரிகளைத் தனிச் சபையாக்கி அடைப்புக்குள் போட்டால் எல்லாம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1655 ஒப்புதலில் அவர் கேட்டது கிடைத்தது.

#15 அடுப்பங்கரை

கைவிடப்பட்ட குழந்தைகள் வேலையையும் ஒரு வரி சேர்த்துக்குங்க. 1638-ல எல்லாக் குழந்தையையும் எடுக்க முடியாதுன்னு 12 பேரைச் சீட்டுப் போட்டு எடுத்தாங்க. 1640-லதான் எல்லாரையும் ஏத்துக்க முடிவாச்சு. சீட்டுப் போட்டாங்கங்கிறதை நிறைய பேர் மறைச்சிடறாங்க. கையில இருந்தது அவ்வளவுதான், அதை ஒளிக்க என்ன இருக்கு?

#16 ஏட்டுச்சுவடி

கையேட்டில் வரக்கூடாதவை சில:

பிறந்த ஆண்டு 1576 என்று பழைய நூல்களில் இருக்கும். 1581 என்பதே இன்று ஏற்கப்பட்டது. 1600-இல் குருப்பட்டம் பெறும்போது வயது 19தான், திரெந்து சங்கம் கேட்ட வயதுக்கு ஐந்தாண்டு குறைவு. பழைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஆண்டை முன்னுக்குத் தள்ளியது இதை மறைக்கத்தான் என்பது பலர் கருத்து.

துனிசில் அடிமையாக விற்கப்பட்ட கதை 1607-இல் அவரே எழுதிய கடிதத்தில் இருக்கிறது, ஆனால் ஆய்வாளர்களிடையே பெரிய சர்ச்சை. "அவர் எழுதியபடி" என்று போடுங்கள்.

கப்பல் துடுப்புக் கைதி ஒருவருக்குப் பதிலாகத் தாமே சங்கிலி மாட்டிக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1619-இல் துடுப்புக் கப்பல்களின் ஆன்ம குருவாக நியமிக்கப்பட்டது உண்மை.

"நீ தரும் ரொட்டியை ஏழைகள் மன்னிக்க வேண்டுமானால் உன் அன்பு வேண்டும்" என்ற வசனம் அவர் எழுத்துகளில் இல்லை. 1947-இல் வந்த பிரெஞ்சுப் படத்துக்கு எழுதப்பட்டது. சுவரொட்டிகளில் எல்லாம் அவர் பெயரில் தொங்குகிறது.

கடைசியாக, நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையை நிறுவியவர் வின்சென்ட் அல்லர்!

#17 கணக்குப்பிள்ளை

கடைசிக் குறிப்பை விரித்துவிடுகிறேன், நம் பங்குகளில் அதிகம் குழம்புவது அதில்தான்.

1833 ஏப்ரல் 23, பாரிஸ். வின்சென்ட் இறந்து 172 ஆண்டு ஆகிவிட்டது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஏழு பேர் கூடி அந்தச் சபையைத் தொடங்குகிறார்கள். ஆறு பேர் மாணவர்கள், ஏழாமவர் அந்தப் பத்திரிகையை நடத்திய இம்மானுவேல் பாயி. அவர்தான் தலைவர். மாணவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்று சரியாக 20 வயது நிறைகிறது. ஆர்வம் இருந்தது, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. மூப்பெத்தார் பகுதியில் பல்லாண்டாக வேலை செய்துவந்த பிறரன்பின் புதல்வி ரொசாலி ரோந்துவிடம் போனார்கள். அவர் குடும்பப் பட்டியலும் ரொட்டி, கரி வாங்கும் சீட்டுகளும் கொடுத்தார், எப்படிப் பேசுவது என்றும் சொல்லிக்கொடுத்தார். 1617 ஒழுங்குமுறை 1833 இளைஞர்களுக்கு வந்துசேர்ந்தது அவர் வழியாகத்தான். ஓசானாம் 1997-இலும் ரொசாலி 2003-இலும் அருளாளர் ஆனார்கள்.

ஏன் காசு தராமல் சீட்டு? சீட்டைக் கடையில் கொடுத்தால் ரொட்டிதான் கிடைக்கும், கடன்காரன் பிடுங்க முடியாது. குறையும் உண்டு: சீட்டை நீட்டும்போதே இவர் உதவி வாங்குகிறவர் என்று கடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். மாக்கோனில் கூச்சப்படும் குடும்பங்களுக்கு வைத்த இரகசிய ஏற்பாடு இதில் அடிபட்டுப் போகிறது.

கூட்ட முடிவில் காணிக்கைப் பை சுற்றுவதும் அந்த ஆரம்பக் கூட்டங்களிலிருந்து வருவதுதான். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியக்கூடாது, போடாதவரும் கையை உள்ளே விட்டு எடுக்கலாம். நம் பங்குக் கிளைகளில் இன்றும் அப்படித்தான். சில இடங்களில் பைக்குப் பதில் தட்டு வைக்கிறார்கள், அது தவறு. தட்டில் தொகை தெரியும்.

ஓராண்டிலேயே எண்ணிக்கை நூறைத் தொட்டது. 1834 டிசம்பரில் பிரிப்பதா வேண்டாமா என்று பெரிய சண்டை. நட்பு போய்விடும் என்று சிலர் கண்ணீர்விட்டார்கள். 1835 தொடக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது. பிரியாமல் இருந்திருந்தால் பாரிஸைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்.

#18 தேரிக்காட்டான்

கையேட்டுக்குப் பத்து பக்கம் தேறிடுச்சு, எல்லாருக்கும் நன்றி. சாத்தியோன் பகுதியை இப்படி எழுதியிருக்கேன், பாருங்க: "யாரும் துணையில்லாத நோயாளியிடமே முதலில் செல்ல வேண்டும்." சரிதானே?

#19 ஏட்டுச்சுவடி

தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். #3 பாருங்கள். துணை உள்ளவர் முதலில், தனியாள் கடைசியில்.

#20 அடுப்பங்கரை

தேரி எழுதினதுதானே நியாயமா இருக்கு? தனியா கிடக்கிறவங்க கடைசினா சூப் ஆறிடாதா?

#21 ஏட்டுச்சுவடி

ஆறும். ஆனால் துணைக்கு ஆள் இருக்கும் வீட்டில் பலகையை வைத்து, கையைக் கழுவிவிட்டு, சாப்பிடத் தொடங்கியதும் கிளம்பிவிடலாம், மீதியை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். தனியாளிடம் முதலில் போனால் அடுத்த வீட்டு நினைப்பில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். கடைசியாகப் போனால் அதற்கப்புறம் போக வேண்டிய வீடு இல்லை, உட்காரலாம். அவர்களோடு கூடுதல் நேரம் இருப்பதற்காக என்று விதியிலேயே காரணம் எழுதியிருக்கிறது.

#22 தேரிக்காட்டான்

திருத்திட்டேன். சூப்பை மூடி போட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லி அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி சேர்த்திருக்கேன், அது 1617-ல இல்லன்னும் போட்டுட்டேன்.